பத்து கிராம் போதும் என்ற கொளத்தூர்க் கடை

கொளத்தூரில் நான் மீன் தீனி வாங்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில், வீட்டின் முன்பகுதியையே கடையாக்கியிருக்கிறார்கள். தரையோடு மூன்று சிமென்ட் தொட்டிகள், சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள், ஒரு மேசை, அதன்மேல் ஒரு தராசு. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கலாம். நான் அவரைத் தம்பி என்கிறேன், அவர் என்னை அம்மா என்கிறார். முதல்முறை போனபோது இரண்டு கிலோ தீனி கேட்டேன். கால் கிலோதான் கொடுத்தார். அந்தக் கால் கிலோவுக்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் தபால் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவள். பெரும்பாலும் கவுன்ட்டர். கடிதம் 20 கிராமைத் தாண்டினால் கூடுதலாகத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எடை போடாமல் எதையும் கையால் நிதானித்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட நானே ஓய்வு பெற்றபின், பெரம்பூர் வீட்டின் பின்கட்டில் மீன் குளம் கட்டியபோது, தீனியை மட்டும் கைப்பிடிக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு ஐந்து மீன்கள் உயிர்விட்டன. மற்ற வீடுகளில் அது நடக்கக் கூடாது.

குளம் என்று பெருமையாகச் சொல்கிறேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி தண்ணீர். கிட்டத்தட்ட 2,260 லிட்டர். முன்பு அந்த இடத்தில் உடைந்த துவைக்கும் கல்லும் மழைநீர் தேங்கும் பள்ளமும் இருந்தன. கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தைக் காட்டிக் கோபப்படுவார். 2023 பிப்ரவரியில் கொத்தனாரை வைத்துத் தொட்டியாகக் கட்டி, பத்து நாள் நீர் நிறுத்திச் சிமென்ட் காரம் போகக் கழுவிவிட்டு, நான்கு கோய் கெண்டைகளும் பதின்மூன்று தங்கமீன்களும் விட்டேன். அவற்றை வேறொரு கடையில் வாங்கினேன். மீன் விற்றவர் தீனி பற்றிக் கேட்டதற்கு, "பசித்தால் மேலே வரும், போடுங்கள்" என்றார். அந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்த பாடம்.

மேலே வந்தன. எப்போது பின்கட்டுக் கதவைத் திறந்தாலும் வந்தன. காலை காபிக்கு முன் ஒரு பிடி, பத்து மணிக்கு ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, இரவு விளக்கை அணைக்கும் முன் ஒரு பிடி. பேத்தி வந்திருந்தால் இட்லித் துண்டும் ரொட்டி ஓரமும் சேரும். இரண்டாம் வாரம் தண்ணீர் பச்சைப் பயறு வேகவைத்த நீர் போல ஆனது. மூன்றாம் வாரம் விடியற்காலையில் எழுந்து பார்க்கும்போதெல்லாம் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. ஐயோ, இவ்வளவு பசியா என்று இருட்டோடு இருட்டாக இன்னொரு பிடி போட்டேன். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மூன்று தங்கமீன்கள் மிதந்தன. ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு.

தீனி மட்டம் போலிருக்கிறது, நல்ல தீனியாக இரண்டு கிலோ வாங்கிவிடுவோம் என்றுதான் அன்று கொளத்தூர் போனேன். வண்ணமீன் என்றால் சென்னையில் எல்லோரும் கொளத்தூரைத்தான் கைகாட்டுவார்கள். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்க வைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். பெரிய கடைகள் இரண்டில் ஏறி இறங்கினேன். கேட்டதைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை. மூன்றாவதாகத்தான் இந்தத் தம்பியின் வாசலில் நின்றேன்.

அவர் தீனி மூட்டையைத் தொடவில்லை. தொட்டி என்ன அளவு, எத்தனை மீன், எத்தனை விரல் நீளம், கட்டி எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை முறை போடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான்கு பிடி என்றேன். தீனி வாளியை என் பக்கம் தள்ளி, "உங்கள் வீட்டில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே ஒரு பிடி எடுங்கள் அம்மா" என்றார். எடுத்தேன். தராசுத் தட்டில் விடச் சொன்னார். 26 கிராம்.

34 ஆண்டு தராசு பார்த்த எனக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு பிடி என்றால் நூற்று நான்கு கிராம். "உங்கள் மீன் எல்லாம் சேர்ந்தே அரைக் கிலோ இருக்குமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எடை போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி, எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தார். வாளியில் குளத்து நீரையே பாதி நிரப்பித் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈர வலையால் மீனை அள்ளி, வலையிலிருந்து நீர் வடிய இரண்டு நொடி பொறுத்து வாளியில் விட வேண்டும். கூடிய எடைதான் மீனின் எடை. கையால் பிடித்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய்விடும், அது அதன் சட்டை, கழற்றாதீர்கள் என்றார்.

சமையலறைத் தராசை வைத்து அன்று மாலையே போட்டேன். நான்கு கோய் மீன்களும் 240 கிராம், மீதியிருந்த எட்டுத் தங்கமீன்களும் 240 கிராம். மொத்தம் 480. வளர்ந்த மீனுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தீனி போதும், குஞ்சுகளுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்பது அவர் சொன்ன கணக்கு. மீன் வளர்ப்புப் பக்கங்களில் பிற்பாடு படித்ததும் இதைச் சுற்றித்தான் இருந்தது. என் மீன்களுக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால் 9.6 கிராம். பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் போட்டதோ அதில் பத்து மடங்கு. ஒரு மனிதக் குடும்பத்துக்கு ஒரே நாளில் பத்து நாள் சமையலைப் பரிமாறி, மிச்சத்தை அதே அறையில் அழுகவிட்டால் எப்படி இருக்கும்? தங்கமீனும் கோயும் அந்த அறையைவிட்டு வெளியே போகவும் முடியாது.

அன்று அவர் சொன்ன இன்னொன்றை நான் இன்றுவரை மறக்கவில்லை. கெண்டை இனத்து மீன்களுக்கு, தங்கமீனும் அதில் சேர்த்தி, இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து நேரே நீண்ட குடலுக்கு அனுப்பிவிடும். நமக்கு வயிறு நிறைந்தால் போதும் என்று தோன்றுவதுபோல அவற்றுக்குத் தோன்றாது. இயற்கையில் சேற்றைக் கிளறிக் கிளறி நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று திரியும் இனம். ஆகவே கை நிழலைக் கண்டால் வரத்தான் செய்யும். வருவதை வைத்துப் பசியை அளக்க முடியாது. நிறையப் போட்டால் பாதி செரித்ததும் செரிக்காததுமாக வெளியே தள்ளிவிடும். பத்து கிராமையே இரண்டாகப் பிரித்து, முடிந்தால் மூன்றாகப் பிரித்துப் போடுவது அதனால்தான்.

விடியற்காலையில் வாயைப் பிளந்ததைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "அது பசி இல்லை அம்மா. மூச்சு." தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் பிராணவாயுவைத்தான் உட்கொள்ளும். மீன், பாசி, அடியில் அழுகும் தீனியைத் தின்னும் கிருமிகள் என எல்லாம் சேர்ந்து இரவு முழுக்க உறிஞ்ச, சூரியன் வரும் முன்னர்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மேல்மட்டத்தில் இருக்கும் மெல்லிய படலத்தில் மிச்சம் இருப்பதைப் பிடிக்க மீன் வாயைத் திறக்கிறது. தின்ற மீனுக்குச் செரிப்பதற்காக இன்னும் அதிகப் பிராணவாயு தேவை. மூச்சுத் திணறிய பிள்ளையின் வாயில் நான் சோற்றை ஊட்டியிருக்கிறேன். வீடு வந்து நெடுநேரம் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டையும் பிரித்தறிய அவர் சொன்ன அடையாளம் எளியது. பசித்த மீன் நம் கை போகும் பக்கமெல்லாம் பாயும், தீனி விழுந்த இடத்துக்கு ஓடும். மூச்சுத் திணறும் மீன் ஒரே இடத்தில் தலையை உயர்த்தித் தொங்கும், தீனி விழுந்தாலும் பொருட்படுத்தாது, தண்ணீர் விழும் குழாயடியில் போய்க் கூடும். இரண்டாவதைப் பார்த்தால் தீனியை நிறுத்திவிட்டுக் காற்று மோட்டாரைப் போட வேண்டும், கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

அந்த முதல் நாளில் நான் கொடுத்த பணம் 100 ரூபாய், கால் கிலோ மிதக்கும் தீனிக்கு. அவர் இலவசமாகக் கொடுத்தது ஒரு பழைய பஞ்சு. தன் தொட்டி ஃபில்டரிலிருந்து அழுக்கோடு எடுத்து, நீரோடு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினார். மீன் தின்ற புரதம் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் இறங்குகிறது. அழுகும் தீனியும் அம்மோனியாவாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இருக்காது. அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்த அழுக்குப் பஞ்சில் அவை இருந்தன. பஞ்சை என் ஃபில்டரில் வைத்து, முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்றே கிராம் போடச் சொன்னார். மூன்று கிராம் என்பது மிகக் கொஞ்சம். போடும்போது மனம் வலித்தது. ஆனால் போட்டேன்.

அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். சோதனைக் குழாயில் நீர் மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சை ஏற ஏறக் கெட்டது. முதல் நாள் கரும்பச்சை. கால் பங்கு நீரை இரண்டு நாளைக்கொருமுறை மாற்றி, குடிநீர் வாரியத் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்து விட்டு, தீனியைக் குறைத்து வந்ததில் மூன்றாம் வாரம் இளமஞ்சளுக்கு வந்தது. அதன்பிறகு ஒரு மீனும் சாகவில்லை. பெட்டியின் விலை தீனியின் விலையைப்போல் பல மடங்கு. இருந்தாலும் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன்.

இப்போது தீனியைப் பற்றி. மூட்டையில் வருவதை அவர் கால் கிலோ, அரைக் கிலோ பைகளாகக் கட்டி, கட்டிய தேதியைப் பேனாவால் எழுதித் தருகிறார். புரதம் நூற்றுக்கு 32 என்று மூட்டையில் அச்சிட்டிருக்கிறது. உருண்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர், தங்கமீன் வாய்க்கும் கோய் வாய்க்கும் பொதுவானது. மிதக்கும் வகையையே வாங்குங்கள். மூழ்கும் தீனியில் எவ்வளவு தின்றது, எவ்வளவு தங்கியது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காத தீனியை வலையால் அள்ளி வெளியே போட்டு, மறுவேளைக்கு அந்த அளவைக் குறைத்துவிடுகிறேன். தராசு சொல்வது தொடக்கம், அந்த ஐந்து நிமிடம்தான் திருத்தம். ஒரு சிறு பழக்கம்: கோய் வேகமானது, தங்கமீன் மெதுவானது. ஒரே இடத்தில் போட்டால் கோய் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குளத்தின் இரு கோடியிலும் போடுகிறேன். முதலில் கோய்ப் பக்கம், அவை அங்கே கூடியதும் எதிர்ப்பக்கம்.

ஜப்பான் தயாரிப்பு ஒன்றும் அவரிடம் இருக்கிறது, விலை நான்கு மடங்கு. ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். கோய் மீன்களின் சிவப்பு கூடியது உண்மை. தண்ணீர் கொஞ்சம் குறைவாகக் கலங்கியதாகவும் பட்டது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு பை என்று வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அந்தப் பையின் பின்புறம் ஓர் அட்டவணை இருந்தது. நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனி போடாதே, குளிர் தொடங்கினால் கோதுமை முளைத் தீனிக்கு மாறு என்று. குளிர்நாட்டுக்கு அது சரியான அறிவுரை, குளிரில் மீனின் செரிமானம் அடங்கிவிடும். பெரம்பூரில் மார்கழி விடியலில் என் குளத்து வெப்பமானி காட்டியது 23. அந்த அட்டவணையில் நமக்குப் பயன்படும் வரி ஒன்றுமே இல்லை.

நம் ஊர் ஆபத்து வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனின் உடல் வேகமெடுத்து அதிகம் கேட்கிறது, நீரோ குறைவாகத் தருகிறது. அம்மோனியாவின் நச்சும் வெப்பத்தில் கூடும். அக்னி நட்சத்திர நாட்களில் மூன்று மணிக்கு என் குளம் 33 டிகிரி காட்டும். அப்போது நான் தீனியைப் பாதியாக்கி, காலை எட்டு மணிக்கு ஒரே வேளையாகப் போடுகிறேன். சூரியன் ஏறி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், பாசி வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். மற்ற மாதங்களில் காலை எட்டுக்குப் பாதி, மாலை நாலரைக்குப் பாதி. இரவுத் தீனி அறவே இல்லை. மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும் நாளில் ஒரு வேளைதான், விடாமல் பெய்தால் அதுவும் இல்லை. சனிக்கிழமை எனக்கும் விரதம், அவற்றுக்கும் விரதம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்தால் மீனுக்குக் கேடு ஒன்றுமில்லை, குடல் சுத்தமாகும், அன்று அவை சுவரில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதைப் பார்க்கலாம்.

மிக்ஜாம் புயலின்போதுதான் இந்தக் கடையின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது. 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. காற்று மோட்டாரும் ஃபில்டரும் நின்றுவிட்டன. செல்பேசியில் கொஞ்சம் உயிர் இருந்தபோது தம்பியை அழைத்தேன். கொளத்தூரிலும் தெருவெல்லாம் வெள்ளம், அவருடைய கீழ்த் தொட்டிகளில் பாதிக்குமேல் மீன் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த நிலையிலும் அவர் என்னிடம் சொன்னார்: "அம்மா, மின்சாரம் வந்து ஒரு நாள் ஓடும் வரை ஒரு உருண்டைகூடப் போடாதீர்கள். நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், காற்றில்லாமல் ஒரு இரவு தாங்காது. சொம்பில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்." மூன்று நாளும் அப்படியே செய்தேன். இரவில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொம்பால் மொண்டு ஊற்றினேன். பன்னிரண்டு மீனும் பிழைத்தன. தன் சரக்கை வெள்ளத்தில் இழந்து நிற்கும் ஒருவர் வாடிக்கையாளரின் பன்னிரண்டு மீனுக்காக அத்தனை நிதானமாகப் பேசியதை நான் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வேன்?

அடுத்தது பொட்டலங்கள். திருநெல்வேலியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு முறை போவேன். முதல்முறை பக்கத்து வீட்டு மருமகளிடம் தீனிப் பையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனேன். பாவம், அந்தப் பெண்ணும் அன்போடுதான் போட்டிருக்கிறாள். ஆறு நாள் கழித்து வந்தால் மறுபடி பச்சை நீர். இதைத் தம்பியிடம் சொன்னபோது, அந்தக் காலத்தில் டாக்டரிடம் கம்பவுண்டர் மருந்துப் பொடியை மடித்துத் தருவாரே, அதேபோல வெள்ளைத் தாளில் ஐந்தைந்து கிராமாக மடித்து, மேலே திங்கள் காலை, திங்கள் மாலை என்று எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமைப் பொட்டலம் காலி, அதிலும் ‘இன்று இல்லை’ என்று எழுதியிருந்தார். பொட்டலத்துக்குத் தனிக் காசு வாங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் பொட்டலமும் வேண்டாம், பூட்டிவிட்டுப் போங்கள் என்பார். கரைந்துகொண்டே தீனி விடும் விடுமுறைக் கட்டி ஒன்று கடைகளில் விற்கிறதே என்று கேட்டேன். தன்னிடமும் இருக்கிறது, உங்களுக்கு விற்க மாட்டேன், நம் ஊர்ச் சூட்டில் நீர் கலங்கிவிடும் என்றார்.

உயிர்த் தீனி கேட்பவர்களுக்கு ஒரு சொல். டூபிஃபெக்ஸ் புழுவை அவர் விற்பதில்லை, அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயையும் கூட்டிவரும் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கொசுப்புழு தானாகத் தோன்றினால் மீன்கள் விடுவதில்லை, மாநகராட்சிப் பணியாளர் இப்போது என் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார். வாரம் ஒருமுறை வேகவைத்த கீரைத் தண்டின் இலை, தோல் உரித்த பட்டாணி இரண்டு மூன்று, தொட்டியில் வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியில் ஒரு கை கொடுக்கிறேன். இட்லி, சோறு, ரொட்டி மூன்றையும் நிறுத்திவிட்டேன். பெரும்பாலும் மாவுச்சத்துதான், நீரில் ஊறிப் பொங்கி அழுகும்.

பேத்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கோயில் குளத்தில் பொரி போடலாம், இங்கே மட்டும் ஏன் போடக்கூடாது பாட்டி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நானும் சிறுவயதில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு அப்பாவோடு போகும்போது குளத்துப் படியில் உட்கார்ந்து பொரி இறைத்தவள்தான். கோயில் குளம் எத்தனை லட்சம் லிட்டர்! அதில் பூச்சியும் பாசியும் நிறைந்து மீனுக்கு முக்கால் சாப்பாடு தானாகவே கிடைக்கிறது, பொரி நொறுக்குத்தீனி. நம் வீட்டுத் தொட்டியில் நாம் போடுவதுதான் ஏறக்குறைய முழுச் சாப்பாடு, அதன் கழிவு போக வேறு இடமும் இல்லை. பொரிக் கிண்ணத்தையும் தராசையும் அவளிடமே கொடுத்தேன். அதன்பிறகு லீவுக்கு வந்தால் காலை ஐந்து கிராமை அவள்தான் நிறுப்பாள். 5.2 என்று காட்டினால் சில உருண்டைகளைத் திரும்ப எடுத்துவிடுவாள்.

கடையில் குறைகளும் உண்டு. மூட்டையின் அடிப்பகுதி வரும்போது தூள் அதிகம். தூளை மீன் தின்னாது, அப்படியே நீரில் கரையும். இரண்டு முறை சொன்னேன், மாற்றித் தந்தார், ஆனால் அவராகப் பார்த்துத் தவிர்ப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் டீ வடிகட்டியில் சலித்துக்கொள்கிறேன். மேசைப் பக்கம் மாலை வெயில் நேராக விழுகிறது, கட்டிய பைகள் அதிலேயே கிடக்கின்றன. தீனியில் சேர்க்கும் வைட்டமின்கள், முக்கியமாக வைட்டமின் சி, சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் குறைந்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்தது விஷம். தேதி மூன்று வாரத்துக்குள் இருக்கும் பையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இறுக்கமான டப்பாவில், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள், மூன்று மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். பெரிய மூட்டை மலிவு என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடை இல்லை. மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்குமேல் போவது நல்லது, காலையில் அவர் தொட்டி கழுவிக்கொண்டிருப்பார், பேச மாட்டார். மெட்ரோ வேலையால் ரெட்டேரிப் பக்கம் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது, ஆட்டோவில் போனால் வில்லிவாக்கம் வழியாக வரச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் நடக்க முடியாது. அவர் பேச்சு சிலருக்குக் கடுமையாகப் படும். என் முன்னாலேயே ஒரு வாலிபர் மூன்றடித் தொட்டிக்கு ஆறு கோய் கேட்டார், "மீனைக் கொல்ல நான் விற்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வாலிபர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். எனக்கு அந்தக் கடுமை பிடித்திருக்கிறது. முதலில் மீன் வாங்கிய இடத்தில் யாராவது என்னிடம் அப்படிப் பேசியிருந்தால் ஐந்து மீன்கள் இருந்திருக்கும்.

இந்த ஆனி மாதம் மீன்களை மறுபடி எடை போடச் சொன்னார். பத்து கிராமை அவ்வப்போது கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்திருந்தேனே தவிர, இரண்டு வருடமாகத் தராசில் வைக்கவில்லை. நான்கு கோய்களும் ஓரடி நீளத்துக்கு வந்திருந்தன. வலையில் ஒவ்வொன்றாக அள்ளும்போது என் கை நடுங்கியது, அவ்வளவு பலம். அவை மட்டும் 1,800 கிராம். தங்கமீன்கள் எட்டும் 720. மொத்தம் 2,520. வளர்ந்தபின் பங்கு குறையும், நூற்றுக்கு ஒன்று போதும் என்று சொல்லி, நாளைக்கு 25 கிராம் என்று எழுதித் தந்தார். தாளை மடிக்கும் முன் அதன் கீழே இன்னொரு கணக்கும் போட்டார். 2,260 லிட்டர் நீரில் இந்த நான்கு கோய்களும் இன்னும் இரண்டு மடங்கு வளரும், தீனியைக் குறைத்து வளர்ச்சியை நிறுத்த நினைக்கக் கூடாது, அது பட்டினி போடுவது. இரண்டு கோய்களைப் பெரிய குளம் உள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள், நானே வந்து எடுத்துப்போய்ச் சேர்க்கிறேன் என்றார்.

எந்த இரண்டு என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது முதலில் என் கையில் தின்றது, அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் பெரிய பாலித்தீன் பைகளும் பிராணவாயு உருளையும் கொண்டு வருகிறார். பயணத்தில் நீர் கெடாதிருக்க, செவ்வாய்க்கிழமையிலிருந்தே தீனி போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.